‘லோடு’ன்னா எது? ஒவ்வொரு தொழில்லயும் என்ன அர்த்தம், எங்கே தப்பாகுது

பயிற்சிப் பட்டறை, திருவொற்றியூர்

பட்டறை, துறைமுகம், லாரி செட், கட்டட வேலைன்னு வடசென்னைப் பக்கம் புதுசா வேலைக்குச் சேர்ற பசங்களுக்காக ஒரு சொல் தாள் தயார் பண்றோம். ‘லோடு’ கிட்ட வந்ததும் வேலை நின்னுபோச்சு. எலக்ட்ரீஷியன் சொல்ற லோடு வேற, லாரிக்காரர் சொல்றது வேற, மேஸ்திரி சொல்றது வேற. அகராதியில ‘சுமை’ன்னு போட்டு முடிச்சிடறாங்க, அதை வச்சு ஒரு கஜம் வயர்கூட வாங்க முடியாது. அவங்கவங்க தொழில்ல இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எந்த அளவுல சொல்றீங்க, எங்கே தப்பாப் புரிஞ்சுக்கறாங்க, அதனால என்ன கெடுதுன்னு எழுதுங்க. கணக்கோட எழுதினா ரொம்ப உபகாரம்.

மாதவரம் லாரி ஆபீஸ்

எங்க பக்கம் ஒரே பேச்சுல இது மூணு அர்த்தத்துல வந்துடும். “வண்டியில லோடு இருக்கு”ன்னா சரக்கு. “இன்னிக்கு மூணு லோடு அடிச்சாச்சு”ன்னா நடை. “நெல்லூருக்கு லோடு கிடைச்சுது”ன்னா வாடகை. திரும்பி வரும்போது காலியா வராம கிடைக்கிறது ரிட்டர்ன் லோடு.

புதுப் பசங்க தடுமாறுற இடம் ‘ஃபுல் லோடு’. வண்டி நிறைஞ்சிருக்குன்னு நினைச்சுக்கறாங்க. அது இல்லை. முழு வண்டியையும் ஒரே பார்ட்டி வாடகைக்கு எடுத்தா அது ஃபுல் லோடு, உள்ளே பாதிதான் சரக்கு இருந்தாலும் சரி. நாலு பேர் சரக்கு சேர்ந்து போனா பார்ட் லோடு. பார்ட் லோடுல எந்தச் சரக்கு முதல்ல இறங்குதோ அதைக் கடைசியில ஏத்தணும். இதை விட்டுட்டா வழியில எல்லாத்தையும் இறக்கித் திரும்ப ஏத்தணும், கூலி ரெண்டு மடங்கு.

எடைக்கு ஆர்சி புக்கைத்தான் பார்க்கணும். அதுல ரெண்டு எண் இருக்கும்: மொத்த எடை, அன்லேடன் எடை (காலி வண்டி எடை). முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வர்றதுதான் ஏத்தலாம்னு சட்டம் சொல்ற சரக்கு. ரெண்டு ஆக்சில் லாரிக்கு (முன்னால 2 டயர், பின்னால 4) மத்திய அரசு 2018ல மொத்த எடையை 16.2 டன்ல இருந்து 18.5 டன் ஆக்குச்சு. வண்டி காலியா 6.5 டன் இருந்தா சரக்கு 12 டன், அவ்ளோதான். ‘18 டன் வண்டி’ன்னு சொன்னதும் 18 டன் சரக்கு ஏத்த வர்றவங்க உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவுல ஓவர் லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கட்டிட்டாலும் வண்டி அப்படியே கிளம்ப முடியாது. அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கணும்.

இன்னொண்ணு, மொத்த எடை சரியா இருந்தாலும் வண்டி தப்பா இருக்கலாம். சரக்கை எல்லாம் பின்னால தள்ளி ஏத்தினா முன் ஆக்சில் லேசாயிடும், ஸ்டீயரிங் பிடி இருக்காது. மழையில பிரேக் பிடிச்சா முன்சக்கரம் வழுக்கும். கனமான சரக்கு பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால வரணும்.

ஜீரோ கேட்

கன்டெய்னர்ல இதே குழப்பம் வேற பேர்ல இருக்கு. எஃப்சிஎல் (ஃபுல் கன்டெய்னர் லோடு), எல்சிஎல் (பல பேர் சரக்கு சேர்ந்த பெட்டி)னு ரெண்டு சொல்வாங்க. எஃப்சிஎல்லும் மாதவரம் அண்ணன் சொன்ன ஃபுல் லோடு மாதிரிதான்: முழு பெட்டியும் சரக்கு அனுப்பற ஒருத்தருது. உள்ளே இடம் காலியா இருக்கலாம்.

கதவுல எழுதியிருக்கிற நாலு வரியைப் படிக்கத் தெரிஞ்சாலே பாதி வேலை தெரிஞ்ச மாதிரி. மேக்ஸ் கிராஸ், பெட்டியும் சரக்கும் சேர்த்து மேல் வரம்பு. இப்போ வர்ற 20 அடிப் பெட்டிகள்ல பெரும்பாலும் 30,480 கிலோ. டேர், வெறும் பெட்டி. 20 அடிக்கு சுமார் 2,200 முதல் 2,400 கிலோ. நெட் அல்லது பேலோடு, முன்னதுல இருந்து பின்னதைக் கழிச்சது. கடைசி வரி கொள்ளளவு, 20 அடிக்கு ஏறக்குறைய 33 கன மீட்டர். பஞ்சு, பிளாஸ்டிக் சாமான் மாதிரி லேசான சரக்குல 33 கன மீட்டர் முதல்ல தீரும், எடை பாக்கி இருக்கும். கிரானைட், இரும்புல எடை முதல்ல தீரும், பெட்டியில பாதி காத்துதான். ரெண்டையும் ‘லோடு முடிஞ்சுது’ன்னுதான் சொல்லுவாங்க. எது முடிஞ்சுதுன்னு கேக்கணும்.

பேலோடு 28 டன்னு போட்டிருக்கிறதால அதை ஒரே இடத்துல வைக்கலாம்னு அர்த்தம் இல்லை. அந்த எண் தரை முழுக்கப் பரவின எடைக்கு. கல் பிளாக்கை நடுவுல நேரா வச்சா தரைப்பலகை உடையும், கீழே இருக்கிற குறுக்கு இரும்பு வளையும். நீளவாக்குல கனமான கட்டை போட்டு, எடையைப் பல குறுக்கு இரும்புக்குப் பங்கு போட்டுக் கொடுக்கணும்.

விஜிஎம், அதாவது சரிபார்த்த மொத்த எடை, அது பத்தியும் தாள்ல போடுங்க. 2016 ஜூலை 1ல இருந்து எடை சரிபார்த்து அறிவிக்காத ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பல்ல ஏத்தக்கூடாது, இது உலகம் முழுக்க. ரெண்டு வழி: நிரப்பி சீல் வச்ச பெட்டியை அப்படியே எடை போடறது, இல்லேன்னா சரக்கு, பேலட், கட்டை, கட்டுற கயிறு எல்லாத்தையும் தனித்தனியா எடை போட்டு டேரோட கூட்டறது. ரெண்டாவது வழியில விட்டுப்போறது எப்பவும் பேலட்டும் கட்டையும்தான். சரக்கு எடையை மட்டும் எழுதி அனுப்பிடறாங்க, துறைமுகத்துல எடை போடும்போது இடிக்குது, பெட்டி அந்தக் கப்பலை விட்டுடுது.

ராயபுரம் வயரிங்

எங்க தொழில்ல லோடுங்கறது கண்ணுக்குத் தெரியற பொருள் இல்லை. இழுக்கிற கரன்ட். அதனாலதான் ‘லோடு எடுக்குது’ன்னு சொல்றோம், லாரிக்காரர் ‘ஏத்தறார்’, நாங்க ‘எடுக்கறோம்’.

இதுலயும் மூணை ஒண்ணாக் குழப்பிக்கக்கூடாது. கனெக்டட் லோடு: வீட்டுல இருக்கிற எல்லாத்தோட வாட்டும் கூட்டினது. ரன்னிங் லோடு: இந்த நிமிஷம் ஓடறது. சாங்ஷன் லோடு: ஈபி உங்களுக்கு அனுமதிச்சது, கார்டுல கிலோவாட்ல இருக்கும்.

ஒரு சாதாரண வீடு: 1.5 டன் ஏசி 1,600 வாட், கெய்சர் 2,000, அயர்ன் பாக்ஸ் 1,000, மிக்சி 750, 1 எச்பி மோட்டார் சுமார் 1,000, ஃப்ரிட்ஜ் 200, ஃபேன் அஞ்சு 375, லைட் 100. கூட்டினா 7 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல. 230ஆல வகுத்தா 30 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்துல ஓடாதுதான். ஆனா காலையில ஏசி அணைக்காம கெய்சரும் மோட்டாரும் போட்டாலே 4,600 வாட், 20 ஆம்பியர்.

வயரும் எம்சிபியும் (கரன்ட் மிஞ்சினா தானா விழுற சுவிட்ச்) ஜோடி. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லி. 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5; ஏசிக்குத் தனியா 4. எம்சிபி காப்பாத்தறது வயரை, சாமானை இல்லை. அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு 16ஐக் கழட்டிட்டு 32 போட்டா ட்ரிப் நின்னுடும். வயர் சுவத்துக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும், வெளிய தெரியாது. வடசென்னையில பழைய வீடுகள்ல நடக்கிற தீ விபத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்னு நான் உறுதியாச் சொல்வேன்.

ட்ரிப் ஆகிற விதத்துலயே காரணம் தெரியும். சுவிட்ச் போட்ட நொடியில டப்புன்னு விழுந்தா ஷார்ட். அஞ்சு பத்து நிமிஷம் ஓடி, எம்சிபி தொட்டா சூடா இருந்து விழுந்தா ஓவர் லோடு. மோட்டார் போட்டா மட்டும் விழுதுன்னா ஸ்டார்ட்டிங் கரன்ட்: ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கிற மோட்டார் கிளம்பும்போது அதைப்போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். அதுக்குத்தான் மோட்டாருக்கு சி வகை எம்சிபி, 5 முதல் 10 மடங்கு வரைக்கும் ஒரு கணம் தாங்கும். சி வகையும் விழுந்தா முதல்ல கெப்பாசிட்டர் பாருங்க, அப்புறம் பேரிங்.

புது எலக்ட்ரிக்கல்

அண்ணே, த்ரீ ஃபேஸ்ல ‘லோடு பிரிக்கணும்’னு சொல்றது எதுக்கு? சாங்ஷன் லோடுக்குள்ளதானே இருக்கு?

ராயபுரம் வயரிங்

தம்பி, மொத்தம் சரியா இருந்தும் ஒரே ஃபேஸ்ல விழுந்தா அந்த ஃபேஸ் வயர் சூடாகும், அதுல வோல்டேஜ் இறங்கும். மூணு ஃபேஸ்லயும் கிளாம்ப் மீட்டர் போட்டு மாலை ஏழு மணிக்கு மேல ஆம்பியர் பார். 18, 6, 4னு வந்தா மாத்திக் கொடு, 10, 9, 9 கிட்ட கொண்டு வா.

இதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் கட். லோடு சமமா இல்லாத வீட்டுல நியூட்ரல் விட்டுப்போனா, லோடு அதிகமா இருக்கிற ஃபேஸ்ல வோல்டேஜ் இறங்கும், கம்மியா இருக்கிற ஃபேஸ்ல 300க்கு மேலகூட ஏறும். டிவி, எல்இடி, ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாம் ஒரே நேரத்துல போகும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல நியூட்ரல் லிங்க்ல பச்சை பூத்து ஸ்குரூ லூசாகிடும். வருஷத்துக்கு ஒரு தடவை மெயினை அணைச்சு, அந்த லிங்க்கைத் தேய்ச்சு டைட் பண்ணு. லைட் ஒரு ரூம்ல மங்கி இன்னொரு ரூம்ல பளிச்னு எரிஞ்சா அப்பவே மெயினை இறக்கு.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி

கட்டடத்துல ரெண்டு லோடு, ரெண்டும் முக்கியம். ஒண்ணு சைட்டுக்கு வர்ற லோடு, இன்னொண்ணு கட்டடம் தாங்குற லோடு.

முதல்ல வர்றது. ‘ஒரு லோடு எம்சாண்ட்’னு ஆர்டர் கொடுக்காதீங்க. யூனிட்ல சொல்லுங்க. 1 யூனிட் 100 கன அடி. வண்டி வந்ததும் டேப் எடுத்து உள்பக்கம் நீளம், அகலம், மணல் உயரம் அளக்கணும். 14 அடி, 7 அடி, 3 அடின்னா 294 கன அடி, கிட்டத்தட்ட 3 யூனிட். நடுவுல குவிச்சிருப்பாங்க, மூலையில குறைஞ்சிருக்கும். மட்டம் தட்டிவிட்டு அளக்கணும். செங்கல் லோடுன்னா எண்ணிக்கை எழுதி வாங்குங்க. கல் ஒண்ணு 3 கிலோன்னு வச்சா 3,000 கல் 9 டன்.

மாதவரம் லாரி ஆபீஸ்

மேஸ்திரி, யூனிட்டைவிட டன்தான் நேர்மையான கணக்கு. வேபிரிட்ஜ் சீட்டு கையில இருந்தா டேப் பிடிச்சு சண்டை போட வேண்டியதில்லை.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி

நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. ஈர மணலை டன்ல வாங்கினா தண்ணிக்குக் காசு கொடுக்கறோம். காய்ஞ்ச எம்சாண்ட் ஒரு யூனிட் சுமார் நாலரை டன். அதுலயே நூத்துக்கு அஞ்சு ஈரம் சேர்ந்தா 225 கிலோ தண்ணி.

மாதவரம் லாரி ஆபீஸ்

யூனிட்ல வாங்கினா மட்டும் தப்பிச்சீங்களா? ஈரமான மணல் உப்பும். அஞ்சாறு சதவீத ஈரத்துல அளவு இருபது, முப்பது சதவீதம் கூடிடும். 100 கன அடி அளந்து வாங்கறீங்க, உள்ளே மணல் 80 கன அடிதான்.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி

அது உண்மை. அதுக்குத்தான் சைட்லயே சோதனை இருக்கு, இதைத் தாள்ல போடுங்க. நேரான கண்ணாடி ஜாடியில மணலைத் தளர்வாப் போட்டு உயரம் குறிக்கணும். 200 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க. மேல தண்ணி ஊத்திக் குச்சியால கிளறி அடங்க விட்டா மணல் இறங்கும். 160ல நின்னா உப்பல் 40. 40ஐ 160ஆல வகுத்தா 25 சதவீதம். அன்னிக்கு வந்த மணலை அந்த அளவு கூடுதலாத்தான் கலவைக்குப் போடணும், இல்லேன்னா கலவையில மணல் குறையும், சிமென்ட் அதிகமாகி பூச்சு வெடிக்கும். ரேட் பேசும்போதும் இந்த எண்ணைக் காட்டிப் பேசலாம். அண்ணன் சொல்ற டன் கணக்கு காய்ஞ்ச ஜல்லிக்கு ரொம்பச் சரி. மணலுக்கு ரெண்டு கணக்கும் ஜாடி இல்லாம ஏமாத்தும்.

இப்போ தாங்குற லோடு. டெட் லோடுன்னா கட்டடத்தோட சொந்த எடை. லைவ் லோடுன்னா வந்து போற எடை: ஆளு, சாமான், தண்ணி. ஐஎஸ் 875ங்கற இந்தியத் தரநிலைப்படி குடியிருப்பு அறைக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. ஏறிப் போற மொட்டை மாடிக்கு 1.5, அதாவது 150 கிலோ. இப்போ 1,000 லிட்டர் சின்டெக்ஸை எடுத்துக்கங்க. தண்ணி மட்டும் 1 டன். அடிப்பாகம் 4 அடி விட்டம்னா பரப்பு சுமார் 1.17 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு சுமார் 860 கிலோ! ஸ்லாப் நடுவுல வச்சா கீழ் அறைக் கூரையில முடிக்கோடு மாதிரி விரிசல் வரும், அப்புறம் அதுல தண்ணி இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். டேங்க் எப்பவும் சுவரோ பீமோ கீழே இருக்கிற இடத்துல, ரெண்டு பக்கம் இரும்பு கர்டர் போட்டு அது மேலதான்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன்ல இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கு. மரக்கட்டை மேல செங்கலைக் குறுக்கா செங்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை. அதுல சுவருக்குள்ள போற கட்டையோட முனைதான் முதல்ல உளுத்துப்போகும், வெளியில தெரியாது. அந்தக் கூரை மேல புதுசா டேங்க் வைக்கவே கூடாது. அந்த வீடுகள்ல சுவர்தான் லோடு பேரிங், அதாவது எடையைத் தாங்குறது; ஹால் பெருசாகட்டும்னு சுவர் எடுக்கிறதுக்கு முன்னால கட்டை எந்தத் திசையில ஓடுதுன்னு பாருங்க. கட்டை வந்து உக்காந்திருக்கிற சுவரை இன்ஜினியர் பார்க்காம தொடாதீங்க.

தண்ணி லாரி, தண்டையார்பேட்டை

எங்களுக்கு லோடுன்னா லிட்டர். 6,000 வண்டி இருக்கு, 9,000 இருக்கு, 12,000 இருக்கு. எல்லாத்தையும் ‘ஒரு லோடு’ன்னே கேக்கறாங்க. சம்பை முதல்ல கணக்குப் போட்டுட்டுக் கூப்பிடுங்க: நீளம், அகலம், ஆழம் அடியில பெருக்கி 28.3ஆல பெருக்கினா லிட்டர். 6க்கு 6, ஆழம் 5 அடின்னா 5,094 லிட்டர். அதுக்கு 6,000 வண்டி வந்தா 900 லிட்டர் தெருவுக்குத்தான் போகும், அதுவும் சம்ப் சுத்தமா காலியா இருந்தா.

முழுசா இறக்கினாங்களான்னு பாக்க சுலபம். 6க்கு 6 சம்புல ஒரு அடி ஏறினா சுமார் 1,020 லிட்டர். குச்சி விட்டு முன்னாலயும் பின்னாலயும் அளவு எடுங்க.

அரை டேங்க் தண்ணியோட வண்டி ஓட்டறது முழு டேங்கைவிடக் கஷ்டம். தண்ணி முன்னும் பின்னும் அலையடிச்சு பிரேக் போட்ட பிறகும் வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடு உடைஞ்சிருந்தா இன்னும் மோசம்.

மணலி ரிக்கிங்

கிரேன் வேலையில லோடுங்கற சொல்லைத் தப்பா எடுத்தா உசுரு போகும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல் விஷயம்: தூக்கற பொருள் மட்டும் லோடு இல்லை. ஹூக் பிளாக், சிலிங் (கட்டித் தூக்கற கயிறு, பெல்ட்), ஷேக்கிள் (மாட்டற வளையம்), ஸ்ப்ரெடர் பீம் (சிலிங்கை அகட்டிப் பிடிக்கிற இரும்பு) எல்லாம் சேர்ந்ததுதான் லோடு. 8 டன் மெஷினுக்கு 600 கிலோ பீம் போட்டா கிரேனுக்கு 8.6 டன், ஹூக் பிளாக் தனி.

ரெண்டாவது: ‘14 டன் ஹைட்ரா கிரேன்’னா எப்பவும் 14 டன் இல்லை. பூமை, அதாவது கிரேனோட கையைச் சுருக்கி, பொருளைக் கிட்டத்துல வச்சுத் தூக்கும்போதுதான் அந்த எண். பூமை நீட்டி ரேடியஸ் கூடக்கூட அது மளமளன்னு இறங்கும். கேபின்ல லோடு சார்ட் இருக்கணும். சார்ட் இல்லாத கிரேனை வேலைக்கு எடுக்காதீங்க. சுத்தற கிரேன்ல ரேடியஸ்னா அது சுத்தற மையத்துல இருந்து ஹூக் வரைக்கும் உள்ள தூரம். முன் டயர்ல இருந்து அளந்து ஏமாறுறது சகஜம்.

மூணாவது, எல்லாரும் தவறவிடறது, சிலிங் கோணம். 4 டன் பொருளை ரெண்டு கால் சிலிங்ல தூக்கறோம். காலுக்கு 2 டன்னு நினைப்போம். சிலிங் ரெண்டும் செங்குத்தா நின்னாத்தான் அது. கிடைமட்டத்துல இருந்து 60 பாகையில ஒரு காலுக்கு 2.31 டன். 45ல 2.83. 30 பாகைக்கு இறங்கினா ஒவ்வொரு காலுக்கும் 4 டன்! பொருள் அதேதான், சிலிங் நீளம் பத்தாததால படுத்துப்போச்சு, அவ்ளோதான். 2 டன் பச்சை பெல்ட் ரெண்டு போட்டு ‘மொத்தம் 4 டன் தாங்கும்’னு 30 பாகையில தூக்கினா ஒவ்வொரு பெல்ட்டும் ரெண்டு மடங்கு இழுபடுது. கண்ணால பாக்க ஒரு வழி: ஒரு கால் சிலிங்கோட நீளமும், பொருள்ல ரெண்டு மாட்டு இடத்துக்கு நடுவுல உள்ள தூரமும் சமமா இருந்தா 60 பாகை. சிலிங் அதைவிடக் குட்டையா இருந்தா நீளமானது கொண்டு வாங்க.

பெல்ட் நிறம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10. சுருக்குப் போட்டுத் தூக்கினா அதுல 80 சதவீதம்தான். லேபிள் கிழிஞ்ச பெல்ட்டுக்கு நிறம் இருந்தாலும் லோடு கிடையாது, வெட்டிப் போட்டுடணும். கூர்மையான விளிம்புல கார்னர் பேட் இல்லாம போடக்கூடாது.

கடைசியா ஷாக் லோடு. தளர்ந்த சிலிங்கை வெடுக்குன்னு இழுத்தா, அந்தக் கணத்துல பொருளோட எடையைவிடப் பல மடங்கு விழும். முதல்ல சிலிங்கை இறுக்கி, நிறுத்தி, கால் அடி தூக்கி, நிறுத்தி, பேலன்ஸ் பாத்துட்டு அப்புறம் மேல.

எண்ணூர் டெக்

கப்பல்ல லோடு லைன்னு ஒண்ணு இருக்கு. கப்பலோட நடுப்பக்கத்துல ஒரு வட்டம், அது வழியா குறுக்கே ஒரு கோடு, பக்கத்துல ஏணிப்படி மாதிரி சின்னக் கோடுகள். சாமுவேல் ப்ளிம்சால்ங்கற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876ல பிரிட்டன் சட்டத்துல கொண்டு வந்தார். இப்போ 1966ஆம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தப்படி நடக்குது. மேல இருந்து கீழா: டிஎஃப், எஃப், டி, எஸ், டபிள்யூ. வெப்பமண்டல நன்னீர், நன்னீர், வெப்பமண்டலக் கடல், கோடை, குளிர்காலம். அந்தந்தக் கடலுக்கும் பருவத்துக்கும் உரிய கோடு தண்ணிக்குள்ள மூழ்கக்கூடாது. இந்த லோடுல டன் எதுவும் எழுதியிருக்காது. கப்பல் எவ்ளோ அமிழலாம்கற வரம்பு அது.

நிலக்கரிக் கப்பல்ல எடையையும் தண்ணி மட்டத்தை வச்சே கணக்கு எடுக்கறோம், டிராஃப்ட் சர்வே. முன், நடு, பின், ரெண்டு பக்கமும் ஆக ஆறு இடத்துல அளவு படிக்கணும். தண்ணியோட அடர்த்தியை ஹைட்ரோமீட்டர்ல பாக்கணும். கடல் தண்ணி 1.025, ஆத்து முகத்துவாரத்துல மழைக்கு அப்புறம் குறையும். அடர்த்தி பாக்காம 1.025னு போட்டுட்டா பெரிய கப்பல்ல நூத்துக்கணக்கான டன் தப்பு வரும்.

அத்திப்பட்டு ஷிஃப்ட்

மின் நிலையத்துல எங்களுக்கு லோடுன்னா ஊர் முழுக்க அந்த நொடி கேக்கிற மெகாவாட். வடசென்னை அனல் மின் நிலையத்துல முதல் கட்டம் 210 மெகாவாட் மூணு, ரெண்டாம் கட்டம் 600 ரெண்டு, 2024ல 800 ஒண்ணு சேர்ந்துச்சு. நிலக்கரி யூனிட் பேஸ் லோடுக்கு, அதாவது நாள் முழுக்க இருக்கிற தேவைக்கு. குளிர்ந்த பாய்லரைக் கிளப்ப மணிக்கணக்காகும்ங்கறதால சாயங்காலம் ஏறுற பீக் லோடுக்கு மட்டும் போட்டு அணைக்க முடியாது. கேக்கறது உற்பத்தியை மிஞ்சினா கரன்ட்டோட அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்ல இருந்து இறங்கும். அதைக் காப்பாத்த சில ஃபீடரை (ஒரு பகுதிக்குப் போற மின் பாதையை) திட்டமிட்டு அணைக்கிறதுதான் லோடு ஷெட்டிங். தெருவுல கேபிள் வெடிச்சு கரன்ட் போறது லோடு ஷெட்டிங் இல்லை, அது ஃபால்ட்.

ராயபுரம் வயரிங்

ஜெனரேட்டரையும் சேர்த்துக்கங்க. செட் மேல போட்டிருக்கிற கேவிஏவை 0.8ஆல பெருக்கினா கிலோவாட்: 62.5 கேவிஏ செட் 50 கிலோவாட். லோடு அதிகமானா கெடும்னு எல்லாருக்கும் தெரியும். குறைஞ்சாலும் கெடும். டீசல் செட்டை 30 சதவீதத்துக்குக் கீழ மணிக்கணக்கா ஓட்டினா சிலிண்டர் போதுமான சூடாகாது, டீசல் முழுசா எரியாது, சைலன்சர்ல கறுப்பு எண்ணெய் வடியும். கல்யாண மண்டபத்துல நாலு லைட்டுக்கு பெரிய செட் ஓட்டறது இப்படித்தான் இன்ஜினைத் தின்னும்.

வார்டு செவிலியர்

மருத்துவத்துல ரெண்டு இடத்துல வரும். லோடிங் டோஸ்: ரத்தத்துல மருந்து அளவு சீக்கிரம் ஏறணும்னு முதல் தடவை மட்டும் கூடுதலாக் கொடுக்கறது. சில மாத்திரை முதல் நாள் ரெண்டு, மறுநாள்ல இருந்து ஒண்ணுன்னு எழுதியிருப்பாங்க. வீட்டுக்குப் போய் தினமும் ரெண்டு போட்டுக்கறாங்க. சீட்டை வாங்கும்போதே ‘முதல் தடவைக்கு மட்டுமா?’ன்னு கேளுங்க.

வைரல் லோடு: ஒரு மில்லி ரத்தத்துல எத்தனை வைரஸ் பிரதிகள். எச்ஐவி சிகிச்சையில ‘கண்டறிய முடியாத அளவு’ன்னு ரிப்போர்ட் வந்தா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நோய் போயிடுச்சுன்னு இல்லை. அதைப் பாத்து மாத்திரையை நிறுத்தினா வைரஸ் திரும்ப ஏறும்.

பயிற்சிப் பட்டறை, திருவொற்றியூர்

எல்லாருக்கும் நன்றி. ராயபுரம் அண்ணன் எழுதின ‘ஏத்தறார், எடுக்கறோம்’ங்கறதை வச்சே தாளைப் பிரிச்சிருக்கேன். லோடு ஏத்து, இறக்கு: பொருள். லோடு அடி: நடை. லோடு எடுக்குது: கரன்ட். லோடு தாங்கும், லோடு விழுது: கட்டடம், சிலிங். லோடு ஆகுது: கம்ப்யூட்டர், போன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல டன், கன அடி, லிட்டர், கிலோவாட்னு அளவு. ஒரு சந்தேகம்: ஏசியில சொல்ற டன் எந்தப் பக்கம் வரும்? பசங்க அதை எடைன்னு நினைக்கிறாங்க.

காசிமேடு ஐஸ்

அது ஐஸ்ல இருந்து வந்த அளவு தம்பி. அமெரிக்க டன், 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்துல உருகும்போது எவ்ளோ சூட்டை உறிஞ்சுமோ அது 1 டன் கூலிங். வாட்ல 3,517. 1.5 டன் ஏசி அறையில இருந்து 5,275 வாட் சூட்டை வெளியேத்தும், அதுக்கு எடுக்கிற கரன்ட் 1,500, 1,600 வாட்தான். அறைக்குள்ள வர்ற சூடு ஹீட் லோடு. மேற்கு வெயில் சுவர், மேல மொட்டை மாடி, ஆள் எண்ணிக்கை எல்லாம் அதுல சேரும். ஹீட் லோடு கூலிங் டன்னை மிஞ்சினா கம்ப்ரசர் நிக்காமலே ஓடும், அறை குளிராது. தாள்ல ரெண்டு வரி போடுங்க, ஒண்ணு சூட்டுக்கு, ஒண்ணு கரன்ட்டுக்கு.

வியாசர்பாடி சவுண்ட்

எங்களை விட்டுட்டீங்க. ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர்தான் லோடு, அளவு ஓம். இங்கே எண் தலைகீழ்: ஓம் குறையக் குறைய லோடு அதிகம். 8 ஓம் பாக்ஸ் ரெண்டைப் பேரலல்ல போட்டா 4 ஓம், நாலு போட்டா 2 ஓம். சீரிஸ்ல ரெண்டு போட்டா 16. ஆம்ப் பின்னால ‘குறைந்தபட்சம் 4 ஓம்’னு இருந்தா ஒரு சேனலுக்கு 8 ஓம் பாக்ஸ் ரெண்டுக்கு மேல கூடாது. மூணாவது போட்டா ஆரம்பத்துல சத்தம் நல்லாத்தான் வரும், அரை மணியில ஹீட் சிங்க் தொட முடியாது, அப்புறம் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

இணைக்கிறதுக்கு முன்னால மல்டிமீட்டர்ல பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6 சொச்சம்தான் காட்டும், அது சரிதான், காயிலோட டிசி அளவு அது. 3 சொச்சம் காட்டினா உள்ளே யாரோ ரெண்டு ஸ்பீக்கரைப் பேரலல் பண்ணியிருக்கலாம், அந்தப் பாக்ஸை 4 ஓம்னு எண்ணுங்க. ஒண்ணுமே காட்டலேன்னா காயில் அறுந்தாச்சு.